காசு போட்டால் கண் விழிக்கும் பெட்டி! - ஆர்கேட் கேம் கேபினெட் உருவான கதை

1972-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள சன்னிவேல் என்ற ஊரில் ஒரு பார். பெயர், ஆண்டி கேப்ஸ் டேவர்ன். அங்கிருந்து ஒருநாள் ஆலன் அல்கார்ன் என்ற 24 வயது இன்ஜினீயருக்கு போன் வந்தது. அவர்கள் கொண்டுவந்து வைத்த மெஷின் நின்றுபோய்விட்டது, உடனே வந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

அந்த மெஷினில் ஓடியது 'பாங்' என்ற கேம். ஸ்க்ரீனில் ஒரு வெள்ளைப் புள்ளி அங்கும் இங்கும் ஓடும். இரண்டு ஓரத்திலும் இரண்டு கோடுகள். கோட்டை மேலும் கீழும் நகர்த்தி, புள்ளியைத் திருப்பி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்! மக்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் அதை அந்த பாரில் வைத்திருந்தார்கள். கடையில் 75 டாலருக்கு வாங்கிய கறுப்பு வெள்ளை டிவியை ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தி, ஒயர்களைக் கையாலேயே பற்றவைத்துச் செய்த மெஷின் அது. எந்த ஒயர் விட்டுப்போனதோ என்ற கவலையோடு வந்து பெட்டியைத் திறந்தார் அல்கார்ன்.

ஒயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. சர்க்யூட்டிலும் பழுதில்லை. காசு விழுவதற்காக உள்ளே வைத்திருந்த டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது! இன்னொரு நாணயம் நுழைய இடமில்லை. அதனால்தான் ஆட்டம் தொடங்க மறுத்தது.

வீடியோ கேம் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் இது. 'பாங்' அந்த அளவுக்கு ஹிட் என்று சொல்வதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். ஆனால், இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அன்றைக்குக் கேம் ஜெயித்துவிட்டது, தோற்றது பெட்டி! ஒரு கேமை உருவாக்குவது எவ்வளவு பெரிய வேலையோ, அது குடியிருக்கும் பெட்டியைச் சரியாகச் செய்வதும் அவ்வளவு பெரிய வேலை என்பதை அந்தச் சின்ன டப்பா சொல்லிக்கொடுத்தது.

மால்களிலும், தீம் பார்க்குகளிலும், ஒருகாலத்தில் தெருமுனை வீடியோ கேம் கடைகளிலும் ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெட்டியைத்தான் 'ஆர்கேட் கேபினெட்' என்கிறார்கள். அது செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. தன் பாட்டுக்குப் போகிறவரைக் கூப்பிட வேண்டும். அவரிடம் காசு வாங்க வேண்டும். பிறகு, அவர் கொடுக்கும் அடியையும் குத்தையும் தாங்க வேண்டும். அரை நூற்றாண்டாக இந்தப் பெட்டியில் நடந்த மாற்றங்கள் எல்லாமே இந்த மூன்றுக்காகத்தான்.

அழகு இருந்தது... ஆனால் புரியவில்லை!

'பாங்' கேமை வெளியிட்ட அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரண்டு நண்பர்கள். ஆளுக்கு 250 டாலர் போட்டுத் தொழிலில் இறங்கியவர்கள். புஷ்னெல், கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்த்தவர். பந்தை எறிந்து பாட்டிலை வீழ்த்துவது போன்ற திருவிழா விளையாட்டுகளுக்கு முன்னால் மக்கள் ஏன் நிற்கிறார்கள், எப்போது காசை எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

'பாங்'குக்கு ஒரு வருடம் முன்பு, 1971-ல் இந்த இருவரும் உருவாக்கிய கேம் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. காசு போட்டு ஆடும்படி வர்த்தகரீதியாகத் தயாரிக்கப்பட்ட முதல் வீடியோ கேம் அதுதான். நட்டிங் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. பெட்டி, பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும். மூலைகளே இல்லாமல், வளைந்து நெளிந்த ஃபைபர் கிளாஸ் உடம்பு, மின்னும் பெயின்ட். புஷ்னெல் முதலில் களிமண்ணில் அதன் வடிவத்தைப் பிடித்துப் பார்த்து, பிறகுதான் செய்யக் கொடுத்தார். எதிர்காலத்தில் நடக்கும் கதையாக 1973-ல் வெளிவந்த 'சாய்லன்ட் க்ரீன்' என்ற ஹாலிவுட் படத்தில், எதிர்கால வீட்டில் இருக்கும் பொருளாக இந்தப் பெட்டியையே வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கூப்பிடும் வேலையை அந்தப் பெட்டி நன்றாகவே செய்தது. ஆனால், அருகில் வந்தவர் திகைத்துப்போனார். ராக்கெட்டை இடது பக்கம் திருப்ப ஒரு பட்டன், வலது பக்கம் திருப்ப ஒரு பட்டன், முன்னால் செலுத்த ஒன்று, சுடுவதற்கு ஒன்று. படித்துப் புரிந்துகொள்ள நீளமான விளக்கம் வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், மாணவர்கள் வரும் பாரில் வைத்தபோது கேம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிறவர்களின் பாரில் யாரும் சீண்டவில்லை. 1,000 பெட்டிகளுக்கு மேல் விற்றும்கூட, எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை.

இந்தத் தோல்வியின் பாடம்தான் 'பாங்' பெட்டியில் தெரிகிறது. வளைவு, மினுமினுப்பு எதுவும் இல்லாத மரப்பெட்டி. ஆளுக்கு ஒரே ஒரு திருகு. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டத் தெரிந்தவருக்கு இந்த கேமும் ஆடத் தெரியும். அதிக மதிப்பெண் வேண்டுமானால் பந்தை விடாதீர்கள் என்பதுதான் பெட்டியில் எழுதப்பட்டிருந்த முக்கியமான விளக்கமே! ஒரு கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடலாம். தெரியாதவரைக்கூடப் பக்கத்தில் நிறுத்திப் போட்டி போடலாம். 1974-க்குள் சுமார் 8,000 'பாங்' பெட்டிகள் விற்றன.

கற்றுக்கொள்ளச் சுலபமாகவும், கரை காணக் கடினமாகவும் ஒரு கேம் இருக்க வேண்டும் என்பது புஷ்னெல் சொல்லிவந்த விதி. அந்தச் சுலபம் ஸ்க்ரீனில் மட்டும் இருந்தால் போதாது, கை வைக்கும் இடத்திலும் இருக்க வேண்டும் என்பதை 'பாங்' பெட்டி காட்டியது.

பெட்டியைத் திறந்து பார்ப்போமா?

அதன்பிறகு பத்து ஆண்டுகளில் ஆர்கேட் பெட்டிக்கென்று ஒரு உருவம் அமைந்துவிட்டது. ஏறக்குறைய ஆறடி உயரம். முக்கால் அங்குல கனத்தில் ப்ளைவுட் அல்லது மரத்தூள் பலகை. உள்ளே கனமான பிக்சர் டியூப் மானிட்டர். பல பெட்டிகளின் எடை 100 கிலோவைத் தாண்டும். அடியில் நிறைய எடை இருந்தால்தான், உற்சாகத்தில் யாராவது பிடித்துத் தள்ளினாலும் சாயாது.

உச்சியில், கேமின் பெயர் எழுதிய பலகை. அதன் பின்னால் ஒரு டியூப் லைட். மங்கலான வெளிச்சத்தில், சத்தம் நிறைந்த கூடத்தில், பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு நடுவே தனியாகத் தெரிவதற்கான ஏற்பாடு இது. அதற்குக் கீழே, ஆடுபவரின் முகத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கர். மானிட்டரைச் செங்குத்தாக வைக்காமல் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்திருப்பார்கள். உயரமானவரும் குள்ளமானவரும் கழுத்து வலிக்காமல் பார்க்க வேண்டுமே! பக்கவாட்டுப் பலகைகள் ஸ்க்ரீனைவிட முன்னால் நீண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஸ்க்ரீனில் பட்டுக் கண்ணைக் கூசாது. ஆடுபவருக்கும் தனி அறைக்குள் நிற்பது போன்ற உணர்வு கிடைக்கும்.

பலகையின் விளிம்பில் நீளமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டை வெறும் அலங்காரம் இல்லை. விளிம்பில் காடி எடுத்து அதற்குள் இறக்கிய அந்தப் பட்டைதான், பெட்டியை லாரியில் ஏற்றி இறக்கும்போது மரம் சிதறாமல் காக்கிறது.

யாரும் ஆடாதபோதும் ஸ்க்ரீன் சும்மா இருக்காது. கேம் தானாகவே ஆடிக் காட்டும். போகிறவர் வருகிறவரை இழுப்பதற்கான விளம்பரம் அது. 1979-ல் வந்த அட்டாரியின் 'ஆஸ்டராய்ட்ஸ்', அதிக மதிப்பெண் எடுத்தவர் தன் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதித்துவிட்டுப் போகும் வழக்கத்தை எங்கும் பரப்பியது. வேறு யாரோ ஒருவரின் மூன்று எழுத்து மேலே இருப்பதைப் பார்த்தால், பாக்கெட்டில் கை தானாகப் போகுமா, போகாதா?

காசா... கள்ளக் காசா?

பெட்டியிலேயே மிகவும் சாமர்த்தியமான பகுதி, முழங்கால் உயரத்தில் இருக்கும் காசுக் கதவு. பழைய பெட்டிகளில் நாணயத்தைச் சோதிக்க எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. எல்லாமே புவியீர்ப்பும் காந்தமும்தான்.

உள்ளே உருண்டு வரும் நாணயம் முதலில் ஒரு சின்னத் தொட்டிலில் விழும். எடை சரியாக இருந்தால்தான் தொட்டில் சாய்ந்து வழிவிடும். அளவில் சிறிய காசு அதில் நிற்காமல் நழுவிக் கீழே போய்விடும். அடுத்து காந்தம். இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றப் பார்த்தால், காந்தம் பிடித்து நிறுத்திவிடும். நல்ல காசு காந்தத்தில் ஒட்டாது. ஆனால், அதைக் கடக்கும்போது வேகம் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பது அது எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. சரியான வேகத்தில் வெளியே வந்து விழும் காசு மட்டும் சரியான இடத்தில் துள்ளி, ஸ்விட்சைத் தட்டிவிட்டு உண்டியலுக்குள் போகும். மற்றதெல்லாம் கீழே இருக்கும் குழியில் திரும்பி வந்து விழும்.

காசு போடாமல் கதவை எட்டி உதைத்துப் பார்ப்பவர்களுக்காகத் தனியாக ஒரு ஸ்விட்ச் உண்டு. அதிர்வு பட்டால் ஆட்டமே நின்றுபோகும். உள்ளே சர்க்யூட் போர்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும். ஒரு காசுக்கு எத்தனை 'லைஃப்' தருவது, ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரர் அதில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கேம் ஒரு கடையில் சுலபமாகவும், இன்னொரு கடையில் கஷ்டமாகவும் இருந்த மர்மம் இதுதான்!

கண்ணாடிக்குள் நிலா

1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', பெட்டியால் ஒரு கேமுக்கு எவ்வளவு அழகு சேர்க்க முடியும் என்று காட்டியது. அந்தப் பெட்டியில் இருந்தது கறுப்பு வெள்ளை மானிட்டர். ஆனால், ஆடியவர்களுக்குப் பச்சையும் சிவப்பும் தெரிந்தன. எப்படி? ஸ்க்ரீனுக்கு மேல் வண்ண பிளாஸ்டிக் தாள்களைப் பட்டை பட்டையாக ஒட்டிவிட்டார்கள்!

நின்று ஆடும் பெட்டியில் இன்னொரு வித்தையும் இருந்தது. மானிட்டரை நேராக வைக்காமல் கீழே படுக்கவைத்து, அதன் பிம்பத்தைப் பாதி ஊடுருவும் கண்ணாடியில் விழச் செய்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிலாவின் தரையை ஓவியமாகத் தீட்டி, அதற்கு விளக்கும் போட்டார்கள். பார்ப்பவருக்கு நிஜமான நிலாவுக்கு மேலே வேற்றுக்கிரகவாசிகள் மிதந்து வருவதுபோல் இருக்கும். அன்றைய சிப்புகளால் வரைய முடியாத படத்தை, ஒரு கண்ணாடியும் ஒரு ஓவியமும் சேர்ந்து வரைந்துவிட்டன.

அந்த கேமில் எதிரிகள் குறையக் குறைய மீதி இருப்பவர்களின் வேகம் கூடும். நெஞ்சு படபடக்கும். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் மெஷின் தானாகவே வேகமாக ஓடியது. அதைப் பார்த்த நிஷிகாடோ, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஜப்பானில் இந்த கேம் காபி கடைகளுக்குள் நுழைந்தது, மேஜை வடிவில். கண்ணாடி போட்ட மேஜைக்குள் மானிட்டர். மேலே காபி கோப்பை. எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி ஆடலாம். எதிரில் இருப்பவரின் முறை வந்ததும் படம் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். நின்றுகொண்டு ஆட அமெரிக்க பார், உட்கார்ந்து ஆட ஜப்பானிய காபி கடை. இடத்துக்கு ஏற்ற வடிவம் எடுத்தது பெட்டி.

பெயரையே மாற்றிய பெட்டி

1980-ல் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த 25 வயது டோரு இவாடானிக்கு ஒரு குறை. ஆர்கேட் கடைகள் எல்லாம் ஆண்பிள்ளைகள் சுட்டுத்தள்ளும் இடமாக இருக்கின்றன. பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் சாப்பிடுவதையே விளையாட்டாக்கினார். வாயைத் திறந்து மூடியபடி புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும் மஞ்சள் வட்டம் பிறந்தது. சுட வேண்டியதில்லை என்பதால், பெட்டியில் சுடும் பட்டனே இல்லை. நடுவில் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். வலதுகைப் பழக்கம், இடதுகைப் பழக்கம் என்ற பாகுபாடும் இல்லை.

ஜப்பானில் அதன் பெயர் 'பக்மேன்'. அமெரிக்காவுக்குப் போகும்போது ஒரு பயம் வந்தது. பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் குறும்புக்காரர்கள் லேசாகச் சுரண்டினால் போதும், கெட்ட வார்த்தையாகிவிடும்! அதனால்தான் பெயரை 'பாக்-மேன்' என்று மாற்றினார்கள். இன்று உலகமே அறிந்த அந்தப் பெயர், பெட்டியைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது.

மாமனார், மருமகன், 2,000 பெட்டிகள்

அதே காலகட்டத்தில் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை மூழ்கும் நிலையில் இருந்தது. கிளையின் தலைவர் மினோரு அராகாவா. ஜப்பானில் இருந்த தலைமை முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் மருமகன். 'ரேடார் ஸ்கோப்' என்ற கேமை நம்பி 3,000 பெட்டிகளை வரவழைத்திருந்தார் அராகாவா. கப்பலில் அவை வந்து சேர்வதற்குள் மக்களுக்கு அந்த கேம் மீது ஆர்வம் போய்விட்டது. 1,000 பெட்டிகள்தான் விற்றன. மீதி 2,000 பெட்டிகள் கிடங்கில் தூசி படிந்தன.

பெட்டிகளைத் தூக்கிப்போட முடியாது. உள்ளே இருக்கும் கேமை மட்டும் மாற்றினால் என்ன? மருமகனின் கோரிக்கை மாமனாரிடம் போனது. அவர் அந்த வேலையைக் கொடுத்தது, அதுவரை ஒரு கேமையும் தலைமையேற்று வடிவமைத்திராத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம். மியாமோட்டோ கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. தொழில் வடிவமைப்பு படித்தவர். நின்டெண்டோவில் அவர் அதுவரை செய்துவந்த வேலைகளில் ஒன்று, கேம் கருவிகளின் வெளிப்புறத்தை வடிவமைப்பது. கூடு செய்தவரிடமே குருவியையும் செய்யச் சொன்னார்கள்!

ஏற்கெனவே இருக்கும் பெட்டி, மானிட்டர், ஜாய்ஸ்டிக், ஒரு பட்டன். இவற்றுக்குள் அடங்கும்படிதான் கதையை யோசிக்க வேண்டும். ஒரு பெரிய குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து ஒரு தச்சர் மேலே ஏறி அவளை மீட்க வேண்டும். நகர ஜாய்ஸ்டிக், குதிக்க அந்த ஒற்றைப் பட்டன். 1981-ல் பிறந்தது 'டாங்கி காங்'.

ஜப்பானிலிருந்து புது சர்க்யூட்டுகள் வந்து இறங்கின. அராகாவா, அவர் மனைவி யோகோ, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்கள். இவர்கள் கிடங்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பழைய கேமை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். முதலாளியின் மகள் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்! 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகள் சிவப்பு நிறம் என்பதால், முதலில் வந்த 'டாங்கி காங்' பெட்டிகளும் சிவப்பு. அவை விற்றுத் தீர்ந்து, புதிதாகச் செய்தவைதான் நீல நிறம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 60,000 பெட்டிகள் விற்றன. அந்தத் தச்சருக்குப் பிறகு வைத்த பெயர் மரியோ. கிடங்கின் உரிமையாளர் மரியோ செகாலியின் பெயர்தான் அது.

விற்காமல் போன 2,000 பெட்டிகள் இல்லையென்றால், இன்று குழந்தைகள் கொண்டாடும் மரியோ பிறந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அடி தாங்குமா?

மூன்றாவது வேலை இருக்கிறதே, அடி தாங்குவது... அதில்தான் வடிவமைப்பாளர்கள் அதிகம் திணறினார்கள். 1983-ல் கொனாமி வெளியிட்ட 'ட்ராக் அண்ட் ஃபீல்டு', ஓட்டப்பந்தய கேம். பட்டன்களை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ, அவ்வளவு வேகமாக ஸ்க்ரீனில் வீரர் ஓடுவார். விரல் வலித்ததும், பென்சிலையும் ஸ்கேலையும் வைத்துத் தட்ட ஆரம்பித்தார்கள் பிள்ளைகள். பாவம், பட்டன்கள்!

1987-ல் கேப்காமின் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' இன்னும் ஒரு படி மேலே போனது. பட்டன்களுக்குப் பதிலாக இரண்டு பெரிய ரப்பர் பேடுகள். ஒன்று குத்த, மற்றொன்று உதைக்க. மெதுவாக அடித்தால் மெதுவான குத்து, ஓங்கி அடித்தால் பலமான குத்து. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்ன? பலமாக அடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். கையும் வலித்தது, பேடும் பழுதானது. கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆறு பட்டன்கள் கொண்ட மாற்றுப் பெட்டி வந்தது. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. 1991-ல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' உலகத்தையே ஆட்டிப்படைத்தபோது, அந்த ஆறு பட்டன்கள்தான் சண்டை கேம்களின் இலக்கணம் ஆகின. ஓட்டைக்குப் போட்ட ஒட்டு, அசலைவிட நன்றாக அமைந்துவிட்டது.

இன்னொரு பக்கம், சேகா நிறுவனத்தின் யூ சுசுகி, பெட்டி என்ற வடிவத்தையே உடைத்தார். 1985-ல் வந்த 'ஹேங் ஆன்' கேமுக்கு, பெட்டிக்குப் பதில் நிஜ அளவில் ஒரு பைக். அதில் ஏறி உட்கார்ந்து, வளைவு வந்தால் உடம்போடு சாய வேண்டும். 1990-ல் சேகாவின் 'ஆர்-360', ஆடுபவரைப் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தலைகீழாகவே சுற்றிவிட்டது! 1998-ல் கொனாமியின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' கைக்கு வேலையே வைக்கவில்லை. தரையில் இருந்த நான்கு அம்புக்குறிகளைக் காலால் மிதித்து ஆட வேண்டும். இவை வெறும் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதற்குள் வீட்டு டிவியிலேயே வீடியோ கேம் ஆடும் வசதி வந்துவிட்டது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தால்தான் மக்கள் காசை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

ஒரே பெட்டி, எத்தனையோ கேம்

கடைக்காரர்களுக்கு இருந்த தலைவலி வேறு. ஒரு கேம் சலித்துவிட்டால், அந்தப் பெட்டி முழுவதுமே வீண். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஒயரிங். 1985-ல் ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர்கள் சங்கம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. 56 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான இணைப்பு. சங்கத்தின் சுருக்கப் பெயரிலேயே அதற்கு 'ஜாம்மா' என்று பெயர். பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், சில நிமிடங்களில் வேறு கேம்! 1990-ல் எஸ்.என்.கே நிறுவனத்தின் 'நியோ ஜியோ', ஒரே பெட்டியில் பல கேம் கேசட்டுகளைச் செருகி, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

பெட்டியின் நெற்றியில் ஒரு பெயர், உள்ளே வேறு கேம் என்பது அதன்பிறகு பல இடங்களில் சகஜமாகிவிட்டது. 90-களில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் வீடியோ கேம் கடைக்கு ஓடிய பிள்ளைகளைக் கேட்டால், முதலில் வரும் பெயர் 'முஸ்தபா'. அது கேமின் பெயர் அல்ல. 1993-ல் கேப்காம் வெளியிட்ட அந்த கேமின் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. அதில் வரும் நான்கு நாயகர்களில் ஒருவர்தான் முஸ்தபா கைரோ. அசல் பெயர் தெரியாமலேயே அந்த கேமை முழுவதும் முடித்த அண்ணன்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் ஆடும்போது பின்னால் நின்று பார்க்கத் தனிக் கூட்டம் கூடும். காசில்லாத பிள்ளைகளுக்கு, வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம்.

இடது பக்கத்து அடையாளம்

இன்று அந்த கேம்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளேயே அடங்கிவிட்டன. 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், 'பாக்-மேன்' உட்பட 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. 2015-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் வீடியோ கேம்களுக்கான புகழ் மன்றத்தைத் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே 'பாங்', 'பாக்-மேன்' இரண்டும் இடம்பிடித்தன.

கேம்களுக்கு இனி அழிவில்லை. பெட்டிகளின் நிலைமைதான் வேறு. ப்ளைவுட் ஈரத்தில் உப்புகிறது. பழைய பிக்சர் டியூப் பழுதானால், மாற்றுவதற்குப் புதியது கிடைப்பது அரிது. எல்.சி.டி ஸ்க்ரீனைப் பொருத்தினால் படம் வரும். ஆனால், அந்தக் கால துப்பாக்கி கேம்கள் பல வேலை செய்யாது. பிக்சர் டியூபில் ஒளிப்புள்ளி ஓடும் நேரத்தை வைத்தே அந்தத் துப்பாக்கி குறியைக் கண்டுபிடிக்கும். அதனால், பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து, மரத்தைச் செப்பனிட்டு, ஓவியத்தை மறுபடி அச்சிட்டு, டியூபைக் காப்பாற்றிவைக்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அப்படிப் பழைய 'பாக்-மேன்' பெட்டிகளைப் பார்த்தவர்கள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. பல பெட்டிகளில், இடது பக்க ஓரத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில் பெயின்ட் தேய்ந்துபோயிருக்கிறது. காரணம் என்ன?

ஜாய்ஸ்டிக் ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் அதை வலது கையில் பிடித்தார்கள். இடது கைக்கு வேலை இல்லை. பேய் துரத்தும்போது சும்மா இருக்க முடியுமா? அந்தக் கை பெட்டியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒருவர் அல்ல, இருவர் அல்ல, வருடக்கணக்காக எத்தனையோ பேர். அத்தனை பேரின் பதற்றமும் சேர்ந்துதான் மரம் தெரியும் அளவுக்குப் பெயின்ட்டைத் தேய்த்திருக்கிறது. எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாத அடையாளம் அது.

போனில் எவ்வளவு நேரம் ஆடினாலும், துணியால் ஒருமுறை துடைத்தால் விரல் ரேகை போய்விடும். அடுத்த முறை எங்காவது பழைய ஆர்கேட் பெட்டியைப் பார்த்தால், காசு போடுவதற்கு முன் அதன் ஓரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அங்கே நின்று பதறியவர்களின் கை தட்டுப்படும்!